தறியில உக்காரும்போது ஒண்ணு

சித்தப்பா கவுன்டர் மேல் ஓங்கி அறைந்தார். கண்ணாடிக்கு அடியில் அடுக்கியிருந்த சோப்புப் பெட்டிகள் சரிந்தன. மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடையின் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் வேட்டியில் முழங்கால் வரை சேறு.

"மருந்து குடுக்கிறியா, வெஷம் குடுக்கிறியா? எங்கண்ணன் கை போச்சுய்யா! நாளைக்குத் தறியில யாரு உக்காருவா? நீ வந்து உக்காருவியா?"

உள்ளே நின்றவர் பெயர் தயாளன். அந்தக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சித்தப்பா கத்தி முடித்த பிறகு, "மாத்திரை வாங்க யாருங்க வந்தது?" என்று கேட்டார்.

சித்தப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "தோ, இவதான். எங்கண்ணன் பொண்ணு. பத்தாவது படிக்குது. இதுகிட்ட இன்னா சொல்லி அனுப்பிச்ச? தறி ஓடுற நாள்லதான் மாத்திரை போடணும்னு சொன்னியா இல்லியா?"

தயாளன் சார் என்னைப் பார்த்தார்.

கவுன்டர் மேல் இருமல் மிட்டாய் ஜாடி ஒன்று இருந்தது. ஆரஞ்சும் பச்சையும் கலந்த மிட்டாய்கள். பச்சை எத்தனை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்குள் டிங்சர் வாசனை. என் இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து ஈரமாகத் தோளில் ஒட்டிக்கிடந்தது.

"என் தப்புதாங்க" என்றார் தயாளன் சார். "நான் வூட்டுக்கே வந்து சொல்லியிருக்கணும்."

தறி ஓடுகிற நாளில் மட்டும் போடச் சொல்லி அவர் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கதையை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். இரண்டு தரம் எழுதிக் கிழித்தாயிற்று.

நைனாவின் பங்கு

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து, எழுதியதை இதழுக்கு அனுப்புவதற்கு முன்னால் நைனாவுக்குப் படித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எண்பது நெருங்குகிறது. கண் ஆபரேஷன் ஆனபிறகும் அச்செழுத்து ஆடுகிறது என்கிறார். ஆகவே நான் படிக்க, அவர் கேட்பார். நடுவில் திருத்தமும் சொல்வார். "உங்கத்தை கல்யாணத்துக்கு மழை பெய்யலம்மா, அது சீமந்தத்துக்கு" என்பார். நான் மாற்றிவிடுவேன்.

அவர் ரொம்ப நாளாகக் காத்திருப்பது ஒரே ஒரு அத்தியாயத்துக்கு.

"என் கதை எப்ப வரும்? அந்தக் கடைக்காரன் கதை?"

அந்தக் கதையை அவர் சொல்லாத ஆள் ஊரில் பாக்கி இல்லை. கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறார், பேருந்து நிலையத்தில் சொல்லியிருக்கிறார், செவிலிமேட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், காபி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். மருந்துக் கடைக்காரன் மாத்தி சொன்னான். அதனால் தனக்கு ஃபிட்ஸ் வந்து கை போனது. இனி யாருக்கும் இப்படி ஆகக் கூடாது என்று தன் மகள் சபதம் போட்டுப் படித்து மருந்துக் கடையே வைத்துவிட்டாள். அவ்வளவுதான் கதை. வருஷத்துக்கு வருஷம் மசாலா கூடிக்கொண்டே வந்தது. கடைசியாகக் கேட்டபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சபதம் போட்டேன்.

நிஜத்தில் அன்று எனக்கு அகோரப் பசி. வார்டுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து பொரி உருண்டை தின்றுகொண்டிருந்தேன்.

வாசகர் ஒருவர் கடிதமும் போட்டிருந்தார். "கடை வைத்ததை எழுதினீர்கள், ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று எழுதவே இல்லையே?" ஆசிரியர் அதை எனக்கு அனுப்பி, அடியில் கோடு போட்டிருந்தார். கோடு போட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போன இரண்டு வாரமும் கருட சேவைக் கூட்டத்தையும், கடைக்குள் புகுந்து டானிக் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போன குரங்கையும் எழுதி ஒப்பேற்றினேன். மூன்றாவது வாரத்துக்குக் குரங்கு கிடைக்கவில்லை.

குதிகால்

காரணம் சொல்வதற்கு முன்னால் களைப்பைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் எனக்குச் சரளமாக வருகிறது.

கவுன்டருக்குப் பின்னால் நின்று நின்று என் இரண்டு குதிகாலும் போய்விட்டன. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது முள் மேல் மிதித்த மாதிரி இருக்கும். ஷட்டரைத் தூக்கியதும் ஆரம்பிக்கும். "அந்த வெள்ளை மாத்திரை குடும்மா, சின்னது." உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளை, சின்னது. "டாக்டர் அஞ்சு நாளுக்கு எழுதிக்கிறாரு, ரெண்டு நாளுக்குக் குடு போதும், எனக்கு அதுலயே நின்னுடும்." முடியாது என்று சொன்னால் முகம் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அங்கே கிடைத்தும்விடும்.

இதில் எனக்கு இன்னொரு கெட்ட பழக்கம். மருந்தைக் கொடுத்து, எப்போது போடுவது என்று சொன்ன பிறகு, வாங்குகிறவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். "நீங்க சொல்லுங்க பாப்போம்." நின்று சொல்கிறவர்கள் நாலில் ஒருவர். மற்றவர்களுக்கு அவசரம், அல்லது கூச்சம், அல்லது கோபம். பிள்ளையார்பாளையத்திலிருந்து பிரஷர் மாத்திரைக்கு வரும் வேதவல்லியக்கா எத்தனையோ வருஷமாக என்னிடம் வாங்குகிறார். தறி நெய்கிறவர், விரலில் எப்போதும் சாயம் ஒட்டியிருக்கும். ஒரு தரம்கூட அவர் திருப்பிச் சொன்னதில்லை.

"நீ இன்னா வாத்தியாரா? நான் இன்னா ஒண்ணாங்கிளாஸா? குடும்மா, அடுப்புல சோறு கெடக்குது."

எனக்கும் வற்புறுத்த வலு இல்லை. கொடுத்துவிடுவேன்.

கல்லூரி விழாக்களில் பேசக் கூப்பிட்டால் சேவை, சேவை என்கிறார்கள். சேவை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் குதிகால்தான் ஞாபகம் வருகிறது. அங்கெல்லாம் நானும் நைனாவின் கதையைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கட்டில் காலை மட்டும் விட்டுவிடுவேன்.

நான் சொன்னால் புரியும்

சின்ன வயதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. தெருவில் யாருக்கு மருந்துச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்காக அல்ல, புரிகிற மாதிரி சொல்வதற்காக. பூக்கட்டும் அம்மாவுக்கு, "மல்லி வந்து எறங்கும்போது ஒரு மூடி டானிக்" என்பேன். பால்காரருக்கு, "சாயங்காலக் கறவைக்கு முன்னாடி" என்பேன். எல்லாரும், "இந்தப் பொண்ணு சொன்னாத்தாம்பா மண்டையில ஏறுது" என்பார்கள். எனக்கு அதைக் கேட்டால் தரையில் கால் பாவாது.

நைனாவுக்கு இளம் வயதிலிருந்தே வலிப்பு உண்டு. எப்போதாவது வரும். நான் பத்தாவது வந்த வருஷம் அடிக்கடி வர ஆரம்பித்தது. பெரிய டாக்டரிடம் காட்டினோம். தினம் இரண்டு மாத்திரை, விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். சீட்டை எடுத்துக்கொண்டு நான்தான் கடைக்குப் போனேன்.

தயாளன் சார் காகித உறையில் நீலப் பேனாவால் ஒரு சூரியன் போட்டார், பக்கத்தில் ஒரு பிறை. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்டப்பறம். ஒரு நாள்கூட வுடக்கூடாதுன்னு சொல்லு நைனாகிட்ட." ஒரு நாள்கூட என்பதைச் சிவப்புப் பேனாவால் எழுதி அடிக்கோடும் போட்டார்.

நைனா முதல் வாரமே மறந்தார். போட்டதை மறந்து இரண்டு தரம் போட்டார். அவருக்குக் காலை, இரவு என்பதெல்லாம் கணக்கே இல்லை. விடிவதற்குள் தறியில் உட்கார்ந்தால், வெளிச்சம் மங்கி இழை கண்ணுக்குத் தெரியாமல் போகும்போதுதான் எழுந்திருப்பார். நடுவில் சாப்பிடுவதுகூட அம்மா தட்டைத் தறிமேடையில் வைத்தால்தான். அவருடைய ஒரு நாளுக்கு இரண்டே முனை. உட்கார்வது ஒன்று, எழுந்திருப்பது ஒன்று.

ஒரு நாள் எனக்குப் பளிச்சென்று தோன்றியது.

"நைனா, ரொம்ப சுலபம். தறியில உக்காரும்போது ஒண்ணு, எழுந்துக்கும்போது ஒண்ணு. அவ்ளோதான்."

"யாரு சொன்னது?"

பெண் பிள்ளை பேச்சைக் கேட்டு மாத்திரை சாப்பிடுகிற ஆள் இல்லை அவர். ஆகவே, "கடையில சொன்னாங்க" என்றேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் அது. அவள் கை நிற்கவில்லை. ஆனால் காதில் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நைனா ஒரு வேளைகூடத் தப்பவிடவில்லை. உறையைத் தறிக்குப் பக்கத்தில் மாடப்பிறையில் வைத்துக்கொண்டார். உட்காரும்போது சாமி கும்பிட்டு ஒன்று, எழும்போது நாடாவைத் தொட்டுக் கும்பிட்டு ஒன்று. வலிப்பு நின்றுவிட்டது. நான் அடுத்த தரம் கடைக்குப் போனபோது தயாளன் சாரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவர் சிரித்தார். அப்புறம் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"தறி ஓடாத நாள்ல?"

"எங்க தறி ஓடாத நாளே கெடையாது சார்."

"அமாவாசை?"

அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. எனக்கு அது தெரியாதா? "அது மாசத்துல ஒரு நாள்தானே சார்" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். "அப்படிச் சொல்லாதம்மா, மாத்தி சொல்லு" என்று பின்னாலிருந்து அவர் சொன்னது காதில் விழுந்தது. கடையில் கூட்டம். அவர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார். நான் மாற்றிச் சொல்லவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

குழியில் தண்ணீர்

அந்த ஐப்பசியில் மழை ஊற்றித் தள்ளியது. பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது என்று ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. எங்கள் தறி குழித்தறி. கால் தொங்கவிட்டு மிதிக்கத் தரையில் குழி இருக்கும். மழை வலுத்தால் அந்தக் குழியில் அடியிலிருந்து தண்ணீர் ஊறும். காலையில் நாங்கள் பானை பானையாக மொண்டு ஊற்றுவோம், மத்தியானத்துக்குள் திரும்ப நிறைந்துவிடும். தறியில் கட்டியிருந்த பாவு நூலை ஈரம் படாமல் சுருட்டி, துணி போட்டு மூடிவிட்டார் நைனா.

ஒரு அமாவாசை போய் அடுத்த அமாவாசை வரும்வரை தறி ஓடவில்லை.

மாடப்பிறையில் உறை அப்படியே இருந்தது. அதை நான் தினம் பார்த்தேன். பரீட்சை நேரம். பார்த்தேன், ஆனால் மனதில் பதியவில்லை. இதற்கு மேல் அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

வேலை இல்லாததால் நைனா டீக்கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் காலை, டம்ளரைக் கையில் வாங்கிய நிலையில் வலிப்பு வந்தது. சாக்கடைக் கல்லின் மேல் விழுந்தார். விட்டு விட்டு மூன்று தரம் வந்ததாம். வலது தோள்மூட்டு இறங்கி, எலும்பும் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?"

நைனா பாவம், அப்பாவியாகப் பதில் சொன்னார். "தறிதான் ஓடலையே சார்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது, சித்தப்பாவுக்குப் புரிந்தது. "உக்காரும்போது ஒண்ணு, எழுந்துக்கும்போது ஒண்ணுன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். "கடையில சொல்லி அனுப்பிச்சாங்க" என்றார் நைனா. அடுத்த கால் மணி நேரத்தில் சித்தப்பா என்னை இழுத்துக்கொண்டு அந்தக் கவுன்டர் முன்னால் நின்றார். மிச்சத்தை முதலிலேயே எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வாயத் தொறக்காத."

"அம்மா, அந்த சார்..."

"தொறக்காதன்னு சொன்னேன். அப்பனக் கொல்லப் பாத்த பொண்ணுன்னு பேரு வாங்கிக்கினு நாளைக்கு எந்த வூட்டுக்குப் போவ?"

அதற்கப்புறம் சாகும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நைனாவின் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அவர் தார் சுற்ற உட்கார்ந்தார், அம்மா தறியில் உட்கார்ந்தாள். புடவையின் உடலும் கரையும் சேரும் இடம் நைனா நெய்ததைவிட அம்மா நெய்ததில்தான் நேராக இருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நைனாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது.

மழை விட்டுக் குழி காய்வதற்குள் மருந்துக் கடையில் வேறு ஆள் நின்றான். முதலாளி தயாளன் சாரை அனுப்பிவிட்டார்.

காரணம்

ஆகவே, கடிதம் போட்ட வாசகரே, நான் பயத்தில்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.

பத்தாவதுக்கு முன்னால் தமிழ் டீச்சராக ஆசை. அதற்கப்புறம் தெருவில் யார் சீட்டு நீட்டினாலும் "எனக்குப் படிக்க வரல" என்று உள்ளே ஓடிவிடுவேன். எனக்குத் தெரியாததால்தான் அப்படி ஆனது, முழுசாகத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று நம்பினேன். டிப்ளமோ முடித்தேன். நல்ல மார்க். பயம் போகவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு உறை மேல் எழுதும்போதும் அது இருக்கிறது. என் களைப்பில் பாதி குதிகாலில் இருக்கிறது என்றால் மீதி அங்கேதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தயாளன் சாரைத் தேடிப் போனேன். வாலாஜாபாத்தில் ஒரு கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். பேருந்தில் போகும்போது என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

அந்தக் கடையில் இருந்தவர் சொன்னார், "தயாளனா? அவரு தவறி ரெண்டு வருஷம் ஆவுதே. திருமுக்கூடல் பக்கம் அவுங்க ஊரு."

நான் திரும்பிப் போகக் கிளம்பியபோது அவராகவே தொடர்ந்தார். "நல்ல மனுஷன். ஆனா அவரோட தொல்லை. மருந்து வாங்கினவங்களை வுடமாட்டாரு. நீங்க திருப்பிச் சொல்லுங்க, நீங்க திருப்பிச் சொல்லுங்கன்னு... கூட்டம் அப்டியே நிக்கும்."

ரொம்ப நாள் அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் பழியைச் சுமந்தார் என்று நினைத்திருந்தேன். கவுன்டருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் நின்றபிறகு அப்படித் தோன்றவில்லை. நான் சொன்னது தவறு என்று அவருக்கு அன்றே தெரியும். தெரிந்தும், கூட்டத்தைப் பார்த்து, அடுத்த ஆளுக்குத் திரும்பினார். "என் தப்புதாங்க" என்று அவர் மனதாரத்தான் சொல்லியிருப்பார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

படித்துக் காட்டினேன்

மேலே இருப்பது அத்தனையும் போன ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தேன். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. இனி என் வாயை அடைக்க யாரும் இல்லை. ஆனால் நைனாவுக்குத் தெரியாமல் இதை அச்சில் போட முடியாது. யாராவது படித்துவிட்டு அவரிடம் கேட்பார்கள்.

வழக்கம்போல டம்ளரோடு உட்கார்ந்தார். சித்தப்பா கவுன்டரில் அறைந்த இடத்தில் ரசித்துச் சிரித்தார். "ஆமா, அவன் கோவக்காரன்" என்றார். கட்டில் கால் வந்தபோது லேசாக முறைத்தார். "கடையில சொன்னாங்க" என்று நான் சொன்ன இடம் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். கடைசிவரை குறுக்கே ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

படித்து முடித்தேன். வெளியே யாரோ வண்டி ஸ்டார்ட் செய்யமுடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் நைனா."

தன் வலது கையைப் பார்த்தார்.

"டாக்டர் சொன்னது எனக்குப் புரியல. சீட்டுல எழுதினது புரியல. நீ சொன்னதுதாம்மா புரிஞ்சுது. அதான் வம்பாப்பூட்ச்சு."

அப்புறம் கேட்டார், "அவுரு பேரு இன்னா சொன்ன?"

நான் சட்டென்று நிமிர்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அவன், அந்தப் படுபாவி, கடைக்காரப் பய என்றுதான் அவர் வாயில் கேட்டிருக்கிறேன். இப்போது அவுரு.

"தயாளன்."

"இதை அனுப்பட்டுமா நைனா?" என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாத்திரையை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தினம் பதினோரு மணிக்குக் கடைக்கு வந்து ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்காருகிறவர், வரவில்லை. இதழிலிருந்து இரண்டு தரம் போன் வந்தது. நாளைக்குத் தருகிறேன் என்றேன். குரங்கு கதை இன்னொன்று கிடைக்குமா என்றுகூட யோசித்தேன், வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கவுன்டரில் வேதவல்லியக்கா. அவருக்குப் பின்னால் இரண்டு பேர்.

"இன்னா பெரியவரே, ரெண்டு நாளா ஆளக் காணோம்?" என்று வேதவல்லியக்கா கேட்டார்.

"ஒரு சேதி கேளு" என்றார் நைனா. வழக்கமான தொடக்கம்தான். வலிப்பு, மழை, குழியில் தண்ணீர், டீக்கடை எல்லாம் வழக்கம்போல வந்தன. கடைக்காரன் வரவேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

"இத்தினி நாளா ஒரு நல்ல மனுஷனத் திட்டிக்கினு இருந்தேன். அவுரு சரியாத்தான் சொன்னாரு. மாத்தி சொன்னது தோ, நிக்கறாளே, எம் பொண்ணு, இவதான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் கடையில், என் கவுன்டரில், வாடிக்கையாளர்கள் முன்னால். நாளைக்கு யார் வருவார்கள் என்று நினைத்தேன். பின்னால் நின்ற இருவரும் என்னையும் தங்கள் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அன்று தயாளன் சார் தன் கவுன்டரில் நின்றபோது அவரையும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

நைனா என் பக்கம் திரும்பினார். "அவுரு பேரைப் போட்டுக்கிற இல்ல? தயாளன்னு. போட்டு அனுப்பு."

"சரி நைனா."

வேதவல்லியக்கா தன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போகவில்லை. அடுப்பில் சோறு இருப்பதாகவும் சொல்லவில்லை.

"இன்னொரு தபா சொல்லும்மா. மெதுவா."

"தினமும் காலையில ஒண்ணுக்கா. சாப்டப்பறம். ஒரு நாள்கூட வுடக்கூடாது."

"தினமும் காலையில ஒண்ணு, சாப்டப்பறம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. அப்புறம் உறையைத் திருப்பிப் பார்த்தார். சாயம் ஒட்டிய விரலால் அதன் ஓரத்தைத் தடவினார்.

"தறி ஓடாத நாளுக்கு எதுக்குன்னு வுட்டுருவேன்... அப்ப அமாவாசைக்கும் போடணுமாம்மா?"

"போடணும்க்கா" என்றேன். "அமாவாசைக்கும் போடணும்."